வலிக்கும் இடத்துக்குத் திரும்பியவர்



இன்று வாசிக்கக் கேட்ட இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் பாருங்கள். திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் பவுல் அடிகளார் மூன்று பேரைக் காட்டுகிறார்: படைவீரன், பந்தயத்தில் ஓடுகிறவன், பயிர் செய்கிறவன். படைவீரன் தன்னைப் படையில் சேர்த்தவருக்கு உகந்தவனாய் இருக்கவே பார்ப்பான், பிற அலுவல்களில் சிக்கிக்கொள்ள மாட்டான், துன்பத்தில் தன் பங்கை ஏற்றுக்கொள்வான் என்கிறார். இதை அவர் சிறையில் இருந்துகொண்டு எழுதுகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. பயிர் செய்கிறவனைப் பற்றி அவர் சொன்னதை இன்னொரு ஞாயிறுக்கு வைத்துக்கொள்வோம். 

மாற்கு நற்செய்தியில் ஒரு தொழுநோயாளர் இயேசுவிடம் வந்து முழங்காலிடுகிறார். இயேசு மனமிரங்குகிறார், கையை நீட்டுகிறார், அவரைத் தொடுகிறார். வார்த்தையாலேயே குணமாக்க வல்லவர் முதலில் தொடுகிறார். இதற்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

ஜூலை மாதம் நம் நாட்டில் படைவீரர்களை நினைக்கும் மாதம். 26ஆம் தேதி கார்கில் வெற்றி நாள். 1999இல் அந்தப் போரில் உயிர்நீத்தவர்களில் நம் தமிழ்நாட்டு மேஜர் மாரியப்பன் சரவணனும் ஒருவர். இராமேஸ்வரத்தில் பிறந்தவர், பீகார் படைப்பிரிவின் அதிகாரி, வயது 26. மே 29ஆம் தேதி பட்டாலிக் மலைமுகட்டில் விழுந்தார். சண்டை ஓயாததால் உடனே அவர் உடலை எடுக்க முடியவில்லை. ஜூலை மாதத்தில்தான் மீட்டார்கள். அத்தனை நாள் அவர் பனியில் கிடந்தார், அவரை மீட்க அவருடைய ஆட்கள் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருந்தார்கள். விழுந்தவரை விட்டுவிட்டு வீடு திரும்புவதில்லை என்பது பட்டாளத்தின் வழக்கம். பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டுச் செல்பேசி மணி அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு திடுக்கிடும் தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்காகவும் அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும் இன்றைய திருப்பலியை ஒப்புக்கொடுக்கிறோம்.

ஆனால் இன்று நான் அதிகம் பேசப்போவது சீருடை அணியாத ஒரு வீரரைப் பற்றி. அவர் இந்தக் கொல்லிமலையில் வளர்ந்தவர். இந்த ஜூலை மாதத்தில் பிறந்து, ஜூலை மாதத்திலேயே இறந்தவர். 1914 ஜூலை 17இல் பிறப்பு, 2003 ஜூலை 8இல் இறப்பு. பெயர் பால் பிராண்ட். நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர், பாப்டிஸ்டுக் குடும்பம். அதனால் என்ன? அவருடைய தந்தையின் மருந்து எந்தச் சபை என்று கேட்டுவிட்டு வேலை செய்யவில்லை.

தந்தை ஜெசி பிராண்ட் இங்கிலாந்திலிருந்து 1907இல் இந்தியா வந்தவர். 1913இல் சேந்தமங்கலத்தில் ஈவ்லின் என்ற லண்டன் பெண்ணை மணந்தார். வசதியான வீட்டுப் பெண், ஓவியம் வரைகிறவர். கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் மலை ஏறினார்கள். இப்போது நாம் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்தில் கடந்து, தலை சுற்றுகிறது என்று குறைபட்டுக்கொள்கிறோம். அன்றைக்கு வளைவும் இல்லை, பேருந்தும் இல்லை. ஒற்றையடிப் பாதை, மழை, அட்டை, மலேரியாக் காய்ச்சல்.

ஜெசி முழு மருத்துவர் அல்லர், வெப்பமண்டல நோய்களைப் பற்றி ஓராண்டுப் பயிற்சி பெற்றவர். அவரிடம் வந்தவர்களில் பலருக்கு நரம்புச் சிலந்தி இருந்தது. இங்கிருக்கும் இளைஞர்கள் அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், அது நல்லதுதான். குடிநீரோடு உடலுக்குள் போய், முழ நீளத்துக்கும் மேலாக வளர்ந்து, காலில் கொப்புளமாய் வெடித்து வெளியே வரும் புழு அது. அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும், உள்ளே சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, பொறுமையாக இழுக்க வேண்டும். ஜெசி அதைச் செய்தார். அதோடு நிற்கவில்லை. படி இறங்கி நீர் மொள்ளும் கிணறுகளில் புண்ணுள்ள கால்கள் தண்ணீரில் படுவதால்தான் நோய் பரவுகிறது என்று சொல்லி, கிணறுகளுக்குச் சுவர் எழுப்பச் செய்தார், குடிநீரைத் துணியில் வடிகட்டச் சொல்லிக்கொடுத்தார். 2000ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அந்த வேலையின் ஒரு நுனி இந்த மலையின் கிணற்றங்கரையில் தொடங்கியது.

ஆனால் பல ஆண்டுகள் ஜெசியின் நற்செய்திப் போதனையை ஒருவரும் ஏற்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் வந்த விஷக் காய்ச்சலில் ஊர் ஊராக மக்கள் மடிந்தார்கள். அதுவரை அவரைக் கடுமையாக எதிர்த்துவந்த பூசாரியும் நோயில் விழுந்தார். அந்தப் பூசாரிதான் சாகும் தறுவாயில் தன் பிள்ளையை பிராண்ட் தம்பதியின் கையில் ஒப்படைத்தார். காய்ச்சலுக்குப் பயந்து எல்லோரும் விலகி நின்றபோது கஞ்சி கொண்டுவந்தது யார் என்று அவர் பார்த்திருந்தார். இதில் வெற்றி தோல்விக் கணக்குப் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு தகப்பன் யாரை நம்பித் தன் குழந்தையைக் கொடுத்தான் என்பதுதான் எனக்குப் பெரிது.

பாலும் அவருடைய தங்கையும் இந்த மலைப் பிள்ளைகளோடு தமிழ் பேசி வளர்ந்தார்கள். பால் மரக்கிளையில் உட்கார்ந்துகொண்டுதான் பாடம் படிப்பாராம். அவர் முதுமையில் எழுதிய ஒரு நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு நாள் பையன்கள் படிப்படியாக இறங்கும் நெல்வயலில் தவளை பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சேறு கலங்கி, வரப்புக்கு மேல் வழிந்து அடுத்த வயலுக்குள் விழுந்தது. எல்லோரும் தாத்தா என்று அழைக்கும் ஒரு பெரியவர் வந்தார், பையன்கள் மிரண்டார்கள். அவர் அடிக்கவில்லை. குனிந்து ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டினார். இந்த மண்ணிலிருந்துதான் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் சோறு வரவேண்டும், கலங்கிய தண்ணீரோடு இது ஓடையில் இறங்கிவிட்டால் மறுபடி மலை ஏறாது என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய விஞ்ஞானிகளோடு பழகிய பிறகும், தனக்கு மண்ணைப் பற்றிக் கற்றுத்தந்தவர் கொல்லிமலைத் தாத்தாதான் என்று பால் சொல்லி வந்தார். மரத்தை வெட்டி மண்ணை வெறுமையாய் விடுகிறவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு நிகழ்ச்சி. ஒரு நாள் மூன்று தொழுநோயாளர்கள் வீட்டு முன் வந்தார்கள். பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார்கள். எல்லா நோயாளிகளையும் வெறுங்கையால் தொடும் ஜெசி அன்று கையுறை மாட்டிக்கொண்டார். அவர்களுடைய கால்களைக் கழுவினார், மருந்து போட்டுக் கட்டினார். அவர்கள் போன பிறகு, அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் விளையாடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். எதற்கும் அஞ்சாத தன் அப்பா முதன்முறையாக அஞ்சியதைப் பையன் பார்த்தான். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. நல்லவர்களுக்கும் பயம் உண்டு. கையுறைக்குள் இருந்தாலும் அந்தக் கை நீண்டது.

1923இல் பாலுக்கு ஒன்பது வயது. படிப்புக்காக அவரையும் தங்கையையும் இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போய், பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடமோ விடுதியிலோ விட்டிருக்கும் பெற்றோரே, நீங்கள் அனுபவிக்கும் வேதனை புதிதல்ல. பிள்ளைகள் அனுபவிப்பதும் புதிதல்ல. அப்படிப் பிரிந்துபோன தந்தையை பால் மறுபடி பார்க்கவே இல்லை.

1929 ஜூன் 15ஆம் தேதி ஜெசி இந்த மலையில் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் நோய் அது. அவருக்கு 44 வயது. லண்டனில் பாலுக்குத் தந்தி போனது. அதற்கடுத்த வாரங்களில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தது. இறப்பதற்குச் சில நாள் முன்னே எழுதியது. மலையில் தனியாகப் போகும்போது பார்த்த மரங்களையும், படைத்தவரின் அழகையும் பற்றி மகனுக்கு எழுதியிருந்தார். பதினைந்து வயதுகூட நிரம்பாத பையன் அதைப் படித்தான். பிறகு அம்மா வந்தார். கப்பலை விட்டு இறங்கிய அந்த மெலிந்த, கூன் விழுந்த பெண்மணிதான் தன் அம்மா என்று நம்பவே அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

இப்படிப்பட்ட பையன் தந்தையின் வழியிலேயே மருத்துவராக வேண்டும் என்று உடனே சபதம் செய்தான் என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும். நடந்தது வேறு. சீழையும் இரத்தத்தையும் சிறு வயதில் பார்த்தே அவருக்கு மருத்துவம் வெறுத்துப்போயிருந்தது. படிக்கவைக்க உறவினர் முன்வந்தும் மறுத்துவிட்டார். கட்டட வேலை கற்றார். சுமார் ஐந்து ஆண்டுகள் கொத்து வேலை, தச்சு வேலை. கொல்லிமலைக்குத் திரும்பி வீடும் பள்ளியும் கட்டலாம் என்று நினைத்தார். அதற்கு முன் முதலுதவிப் படிப்பு ஒன்றுக்குப் போனபோது லண்டன் மருத்துவமனை ஒன்றில் ஓர் இரவு ஓர் இளம்பெண்ணைத் தூக்கி வந்தார்கள். இரத்தமெல்லாம் போய்ப் பிணம்போல் வெளுத்திருந்தாள். பால் நாடி பிடித்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. பாட்டில் பாட்டிலாக இரத்தம் ஏற்றினார்கள். நாடி துடித்தது, கன்னத்தில் சிவப்பு வந்தது, கண் திறந்து தண்ணீர் கேட்டாள். சிறு வயதிலிருந்து தன்னைக் குமட்டவைத்த அந்த இரத்தம்தான் அவளை எழுப்பியது என்று அவர் கண்ணால் பார்த்தார். அன்றைக்குத்தான் மருத்துவம் படிக்க முடிவெடுத்தார். நற்கருணைப் பேழைக்கு முன் முழங்காலிடும் நமக்கு, ஒருவருடைய இரத்தம் இன்னொருவருக்கு உயிராகும் என்பது கேள்விப்படாத செய்தியா?

படித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் உலகப் போர் வந்தது. குண்டு விழுந்த லண்டனில், சிதைந்த கைகளையும் கால்களையும் தைத்துத் தைத்து அறுவை மருத்துவரானார். போர் முடிந்த பிறகும் இளம் மருத்துவர்களைப் படைப்பணிக்கு அனுப்பும் அரசுக் குழு இருந்தது. பால் அதன் பட்டியலில் இருந்தார். எங்கே போகச் சொல்கிறார்களோ அங்கே போக வேண்டும். அந்த வேளையில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் லண்டனுக்கு வந்தார். தொழுநோயாளர்களுக்காகவே வாழ்ந்த மனிதர். வேலூரில் அறுவை மருத்துவர் தேவை, உடனே வா என்றார். நான் போர்க் குழுவுக்குக் கட்டுப்பட்டவன் என்றார் பால். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று காக்ரேன் நேரே அந்தக் குழுவிடம் போய்ப் பேசி, வேலூர்ப் பணியையே அவருடைய பணியாக ஏற்கச் செய்துவிட்டார்.

ஆகவே, அன்பான மக்களே, வேறு ஏதோ ஒரு நாட்டில் படைமுகாமுக்குப் போயிருக்க வேண்டியவர் நம் ஊருக்கு வந்தார். 1946இல், 32 வயதில், மனைவியையும் பிள்ளைகளையும் பின்னால் வரச் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். ஓராண்டுக்கென்று வந்தவர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தங்கினார். பவுல் அடிகளார் சொன்ன படைவீரன் இவரென்றே நான் நினைக்கிறேன். யார் வேண்டுமானாலும் ஒரு புது நாட்டுக்குப் போகலாம், அதில் ஒரு கிளர்ச்சி இருக்கிறது. தன் அப்பாவை விழுங்கிய மண்ணுக்கு, தன் பிள்ளைப்பருவம் அறுந்துபோன இடத்துக்குத் திரும்பி வருவது வேறு. வலிக்கும் இடம் எது என்று தெரிந்தே அங்கு போகிறவர் அவர்.

வேலூரில் இறங்கி ஓராண்டுக்குள் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். தோலைக் காட்டி விளக்கிக்கொண்டே வந்தார் காக்ரேன். பாலின் கண்களோ கைகளையே பார்த்தன. விரல்கள் மடங்கிப் பறவை நகம்போல் வளைந்திருந்தன, சிலருக்கு விரலே இல்லை. இது ஏன் இப்படி ஆகிறது, இதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். எலும்பு மருத்துவர் நீர்தானே, நீர் சொல்லும் என்றார் காக்ரேன். உலகத்தில் இலட்சக்கணக்கானவர்களுக்கு இந்த முடக்கம் இருந்தும் எலும்பு, தசை மருத்துவர் எவரும் அதைச் சரியாக ஆராய்ந்ததில்லை. பால் ஓர் இளைஞரின் மடங்கிய கைக்குள் தன் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்து என்றார். அடுத்த கணம் அவருக்கே வலி தாங்கவில்லை, இரும்புப் பிடி! நிமிர்ந்து பார்த்தால் அந்த இளைஞர் சிரித்துக்கொண்டு நின்றார். தான் ஒருவரை வலிக்கச் செய்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

அந்த ஒரு கைப்பிடியில் பாலுக்கு இரண்டு உண்மைகள் கிடைத்தன. ஒன்று, செத்துப்போனது என்று எல்லோரும் கைவிட்ட கையில் நல்ல தசைகள் உயிரோடு இருக்கின்றன. அப்படியானால் வேலை செய்யும் தசைநாண் ஒன்றை எடுத்து, வேலை செய்யாத இடத்துக்கு மாற்றிக் கட்டினால் விரல் நிமிரும். அதைச் செய்தார். தொழுநோயாளர்களை உள்ளே விட்டால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் அப்போது எங்கும் இருந்தது, அதையும் மீறித்தான் செய்ய வேண்டியிருந்தது. மடங்கிய விரல்கள் விரிந்தன. உலகெங்கும் மருத்துவர்கள் வேலூருக்கு வந்து கற்றுப் போனார்கள்.

இரண்டாவது உண்மைதான் இன்றைய நற்செய்திக்கு நெருக்கமானது. தொழுநோய் விரலைத் தின்கிறது என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். இல்லை என்று பால் கண்டார். நோய் நரம்பைத் தாக்குகிறது, உணர்ச்சி போகிறது. உணர்ச்சி போனதால் சுடுபாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், ஆணியை மிதிக்கிறார்கள், தெரிவதில்லை. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க பாலால் முடியவில்லை. மெலிந்த சிறுவன் ஒருவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் கையிலிருந்து இரத்தம் சொட்டியது. விரல் எலும்புவரை கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. வேறு சிலருக்குக் காலையில் எழுந்தால் விரல் நுனி குறைந்திருக்கும், எப்படி என்று யாருக்கும் புரியவில்லை. இரவில் காவல் இருந்து பார்த்தபோது தெரிந்தது. எலி வந்து கடித்தது, உறங்குகிறவர் அசையவே இல்லை. அதன் பிறகு நோயாளிகள் வீடு திரும்பும்போது கூடவே ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். சிரிக்கிறீர்கள், சிரிக்கலாம். ஆனால் எத்தனை புண்களை அந்தப் பூனைகள் தடுத்திருக்கும்!

இதற்கெல்லாம் நடுவே பாலுக்கே ஒரு சோதனை. லண்டனுக்குப் போயிருந்தபோது ஓர் இரவு, களைத்துப்போய்க் காலுறையைக் கழற்றினார். குதிகாலில் உணர்ச்சி இல்லாததுபோல் தோன்றியது. ஊசியை எடுத்துக் குத்தினார். வலிக்கவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தினார். வலிக்கவில்லை. தனக்கும் வந்துவிட்டது என்று முடிவுகட்டினார். இனி குழந்தைகளைத் தொட முடியாது, மனைவியைப் பிரிய வேண்டும் என்று அந்த இரவு முழுவதும் விழித்துக் கிடந்தார். விடிந்ததும் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். வலியில் அலறிவிட்டார். அந்த அலறல் தான் வாழ்நாளில் கேட்ட இனிய ஒலி என்பதுபோல் கடவுளுக்கு நன்றி சொன்னார். நீண்ட இரயில் பயணத்தில் ஒரே நிலையில் உட்கார்ந்து வந்ததால் கால் மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அன்றுமுதல் வலியைக் கடவுளின் கொடை என்றே பேசினார்.

கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் அடிகளார் சொல்வதும் இதுவே. உடலில் ஓர் உறுப்பு துன்புற்றால் மற்ற உறுப்புகளும் சேர்ந்து துன்புறும். அப்படித் துன்புறவில்லை என்றால் அந்த உறுப்பு உடலிலிருந்து அறுந்துபோயிருக்கிறது என்று பொருள். நம் பங்கைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த ஊரில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் நமக்கு வலிக்கிறதா? குடித்துவிட்டு வரும் கணவனிடம் அடிபடும் பெண்ணின் சத்தம் கேட்டும், அது அவர்கள் குடும்ப விஷயம் என்று கதவைச் சாத்திக்கொள்கிறோமே, அது மரத்துப்போன தோல் அல்லவா? தொழுநோய்க்கு இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாக மாத்திரை தருகிறார்கள். உணர்ச்சியில்லாத தேமல் தெரிந்தால் மறைக்காமல் போய்க் காட்டுங்கள், காலத்தில் தொடங்கினால் முழுவதும் குணமாகும், ஊனமும் வராது. இந்த இன்னொரு மரத்துப்போதலுக்கு மாத்திரை இல்லை.

பால் சந்தித்த இன்னொரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்மை செய்கிறவர்கள் பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். கை நிமிர்ந்து வீட்டுக்குப் போனவர்களில் சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். கை கோணலாய் இருந்தவரை பிச்சை விழுந்தது, இப்போது விழுவதில்லை. தொழுநோயாளி என்ற பெயர் போகாததால் வேலையும் கிடைப்பதில்லை. நீங்கள் கையைச் சரிசெய்து எங்களைப் பட்டினி போட்டுவிட்டீர்கள் என்றார்கள். வேறொருவராக இருந்தால் நன்றி கெட்டவர்கள் என்று சலித்துக்கொண்டிருப்பார். பால் யோசித்தார். பிறகு வேலூரில் நவ ஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு தொடங்கியது. அங்கே நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்றுத்தந்தார்கள், மரப் பொம்மைகள் செய்ய வைத்தார்கள். தச்சு வேலையை யார் சொல்லிக்கொடுத்தார்? பாலேதான். வீணாய்ப் போனதாக எண்ணிய அந்த ஐந்து ஆண்டுக் கட்டட வேலை, உளி பிடித்த பழக்கம், எல்லாம் அங்கே பயன்பட்டது. உணர்ச்சியில்லாத கையில் காயம் படாமல் உளியைப் பிடிப்பது எப்படி என்று சொல்லித்தர, மருத்துவமும் தச்சும் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது.

திருப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ திரும்பி வந்து, கையில் ஒன்றும் மிஞ்சவில்லையே, இத்தனை வருடம் வீணாகிவிட்டதே என்று நினைக்கும் இளைஞர் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால், அவருக்காகவே இதைச் சொல்கிறேன். வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. வந்த பிள்ளையிடம் முதல் நாளே என்ன கொண்டுவந்தாய் என்று கேட்காதீர்கள்.

பாலைப் புனிதராக்க நான் முயலவில்லை. 1966இல் அவர் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போனார், அங்கே தொழுநோய் மருத்துவமனையில் பணிசெய்து, அந்த நாட்டிலேயே இறந்தார். திரும்பி வந்தவர் மறுபடி போய்விட்டாரே என்று கேட்கலாம். ஆனால் ஒரு படைவீரன் எந்த முகாமில் ஓய்வுபெற்றான் என்பதைவிட எந்த முகட்டுக்கு ஏறினான் என்பதையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

பிடிவாதத்தில் மகனை மிஞ்சியவர் அவருடைய தாய். ஈவ்லின் அம்மாவுக்கு எழுபதை நெருங்கும் வயதில், இனி போதும், ஓய்வெடுங்கள் என்று அனுப்பிய சபையார் சொன்னார்கள். அவர் விடைபெற்றுக்கொண்டு, அவர்கள் உதவி இல்லாமலே இந்த மலைக்குத் திரும்பி வந்துவிட்டார். கணவரோடு சேர்ந்து கனவு கண்ட ஐந்து மலைகளையும் சுற்றுவேன் என்றார். மட்டக் குதிரையில் போனார், இடுப்பு எலும்பு முறிந்த பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாராம், தான் இளமையாக இருப்பதாக நினைத்துக்கொள்ள அது வசதி! 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். கொண்டுவந்து இங்கே, வாழவந்தி நாட்டில், கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று செபித்துவிட்டுப் போங்கள்.

இப்போது மாற்கு நற்செய்திக்கு வருவோம். இயேசு தொட்டார், அந்த மனிதர் நலமடைந்தார். யாரிடமும் சொல்லாதே என்று இயேசு கண்டிப்பாகச் சொன்னார். அவர் போய் எங்கும் சொன்னார். அதனால் என்ன ஆனது? இயேசுவால் ஊருக்குள் வெளிப்படையாக நுழைய முடியவில்லை, ஊருக்கு வெளியே ஆளில்லாத இடங்களில் தங்க வேண்டியதாயிற்று. கவனித்தீர்களா? ஊருக்கு வெளியே இருந்தவர் உள்ளே போய்விட்டார், உள்ளே இருந்தவர் வெளியே நிற்கிறார். இருவரும் இடம் மாற்றிக்கொண்டார்கள். தொடுவதற்கு அவர் கொடுத்த விலை அது. சிலுவையும் ஊருக்கு வெளியேதான் நாட்டப்பட்டது.

எல்லையில் நிற்கும் நம் பிள்ளைகளுக்காகவும், தொலைவில் உழைக்கும் நம் குடும்பத்தாருக்காகவும், இந்த மலையில் நோயோடு ஒதுங்கி இருப்பவர்களுக்காகவும், ஜெசி, ஈவ்லின், பால், அவரோடு வேலூரில் கண் மருத்துவராக உழைத்த மனைவி மார்கரெட் ஆகியோரின் ஆன்மாக்களுக்காகவும் மன்றாடுவோம். மன்றாட்டுகள் முடிந்ததும், படுத்த படுக்கையாய் இருப்பவர்களின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோகக் கூட வர விரும்பும் இளைஞர்கள் தங்கள் பெயரை உபதேசியாரிடம் சொல்லுங்கள். முதலில், நம் நம்பிக்கையை அறிக்கையிட எழுந்து நிற்போம்.